சோபாவுக்கு மேலே ராமர்

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு ராமர் பட்டாபிஷேகம் இருக்கிறது. தஞ்சாவூர்ப் படம். மூன்றடி உயரம், தேக்குச் சட்டம், மேலே மூன்று ஸ்பாட் லைட். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே அதைப் பார்த்துவிடுவார்கள். எங்கே வாங்கியது என்று கேட்பார்கள். வீட்டு ஆள் போட்டது என்பேன். யார் என்று கேட்டால், என் ஓரகத்தி என்று சொல்லிவிட்டு காபி போட எழுந்துவிடுவேன். பதின்மூன்று வருடமாக இப்படித்தான் எழுந்து போய்க்கொண்டிருக்கிறேன். இன்று உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று இருக்கிறது. என்னை நல்லவளாகக் காட்ட இதில் ஒன்றும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஓரகத்தி என்றால் என் கணவரின் தம்பி மனைவி. பூதலூருக்குப் பக்கத்தில் எங்கள் மாமனார் வீட்டில் இருக்கிறாள். நானும் என் கணவரும் அவர் வேலையைச் சாக்கிட்டு எப்போதோ தஞ்சாவூருக்கு வந்துவிட்டோம். நிலத்தைக் கொழுந்தன்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு வருடம் தொடர்ந்து தண்ணீர் வராமல் சம்பா கருகிய பிறகு, ஒரு ஏஜென்ட்டைப் பிடித்து வளைகுடாவுக்கு லாரி ஓட்டப் போனான். போன இடத்தில் கம்பெனி இழுத்து மூடிவிட்டது. பாஸ்போர்ட் முதலாளியிடம். முதலாளி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. விசா முடிந்து, வெளியே தலைகாட்டினால் பிடித்துக்கொள்வார்கள் என்ற நிலையில் அங்கே இங்கே கூலி வேலை செய்துகொண்டு கிடந்தான். ஆறு வருடம் ஆகியும் ஊர் திரும்ப முடியவில்லை.

அவள் நிலத்தைத் தானே பார்த்தாள். நாற்றங்காலுக்கு ஆள் கூப்பிடுவது, வாய்க்கால் முறைக்குச் சண்டை போடுவது எல்லாம் அவள்தான். நடவுக்கும் அறுப்புக்கும் நடுவே கிடைத்த நாட்களில் ரயிலேறி தஞ்சாவூர் வந்து, ஒரு வகுப்பில் இந்தப் படம் போடக் கற்றுக்கொண்டாள். வகுப்பு முடிந்து சில நாள் என் வீட்டுக்கு வருவாள். சேற்றில் நின்ற விரலில் தங்க ரேக்குத் தாளின் துணுக்கு ஒட்டியிருக்கும். கலெக்டர் உத்தியோகமா கற்றுக்கொள்கிறாய் என்று கேலி செய்வேன். சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்கு எரிச்சலாக இருக்கும். புருஷன் அப்படிக் கிடக்கும்போது இவளுக்கு எங்கிருந்து இந்தப் பொறுமை என்று தோன்றும்.

அவள் போட்ட முதல் பெரிய படம் இந்தப் பட்டாபிஷேகம். ஒன்றரை வருடம் பிடித்தது. பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புத் தூளும் பசையும் குழைத்துச் சிம்மாசனத்தையும் மகுடத்தையும் மேடாக்கி, அதன்மேல் ரேக்கு ஒட்டி, கல் பதித்து, கடைசியாக வர்ணம் தீட்டி. வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி நான்கு மூலையிலும் பூ போட வேண்டும். இவள் பூவுக்குப் பதில் நெற்கதிர் போட்டிருந்தாள். ஒரு தடவை ஊருக்குப் போனபோது பார்த்தேன். நடு அறையில் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தாள். சீதைக்குக் கண் இருந்தது. குடை பிடிக்கிற பரதனுக்கு இருந்தது. காலடியில் கைகூப்பி உட்கார்ந்திருக்கும் அனுமனுக்கு இருந்தது. ராமர் முகத்தில் மட்டும் கண் இருக்கும் இடம் வெறும் நீலமாக இருந்தது.

இந்த வேலையில் கண்ணைத்தான் கடைசியில் எழுதுவார்கள். கண் திறப்பது என்று அதற்குப் பேர். குளித்துவிட்டு, விளக்கேற்றிவிட்டு, படம் போட்டவரே செய்ய வேண்டும். அது எனக்கும் தெரியும். ஏன் இன்னும் திறக்கவில்லை என்று கேட்டதற்கு, அவர் வரட்டும் அக்கா, அவரை எதிரில் உட்கார வைத்துவிட்டுத் திறப்பேன் என்றாள். ராமர் ஊர் திரும்பிய பிறகு நடந்ததுதானே பட்டாபிஷேகம், வராத ஆளுக்கு எப்படி அக்கா கண் என்றாள். வேண்டுதலா என்றேன். அப்படியெல்லாம் இல்லை, சும்மா மனசுக்கு என்றாள். ஆனால் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பேசி முடிக்கும்வரை அவள் பார்வை அந்த நீலத்தை விட்டு நகரவில்லை.

அந்த வருடம்தான் நாங்கள் தஞ்சாவூரில் புது வீடு கட்டினோம். இன்டீரியர் செய்ய ஒரு பெண்ணை வைத்திருந்தோம். அவள் டேப்பை எடுத்துக்கொண்டு ஹாலை அளந்துவிட்டு, சோபாவுக்குப் பின்னால் இருக்கும் சுவர் ரொம்பக் காலியாக இருக்கிறது மேடம், தங்கம் பளிச்சென்று தெரிகிற மாதிரி ஒரு தஞ்சாவூர் பெயின்டிங் வந்தால் ஹாலே மாறிவிடும் என்றாள். சாமி படம் பூஜை அறையில்தானே இருக்கும் என்றேன். இது சாமி படம் இல்லை மேடம், டெகர், அலங்காரம்தான் என்றாள். சந்தனம் குங்குமம் வைத்துவிடாதீர்கள், கண்ணாடி கறைபடும் என்றும் சொன்னாள். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. கடையில் போய்ப் பார்த்தேன். என் சுவருக்கு வேண்டிய அளவில், என் சோபாவின் அரக்குச் சிவப்புக்குப் பொருந்துகிற மாதிரி எதுவும் அமையவில்லை. ஊரில் சாய்த்து வைத்திருக்கும் படம் நினைவுக்கு வந்தது.

மறுநாளே கணவரைக் கார் ஓட்டச் சொல்லி ஊருக்குப் போனேன். குறுவை நடவு நேரம். அவள் வயலிலிருந்து முழங்கால் சேற்றோடு வந்தாள். வந்த விஷயத்தைச் சொன்னேன். மூத்தவர் வீட்டில் பட்டாபிஷேகம் இருப்பதுதான் முறை என்று ஒரு முறையை அங்கேயே நின்றபடி உண்டாக்கினேன். அவள் படம் இன்னும் முடியவில்லை என்றாள். கண் மட்டும்தானே பாக்கி என்றேன். அவள் கையில் காய்ந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டு நின்றாள். எனக்குக் கோபம் வந்தது. அப்போது நான் சொன்னது இன்றைக்கும் வார்த்தை மாறாமல் எனக்கு நினைவிருக்கிறது.

"வர்றவனா இருந்தா இந்நேரம் வந்திருக்க மாட்டானா? ஆறு வருஷமா நீ குருட்டு ராமரப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க. எங்கிட்ட குடு. ஹாலுக்கு எடுப்பா இருக்கும்."

அவள் உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். கையைக் காலைக் கழுவிக்கொண்டு, கொழுந்தனின் வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து படத்தைச் சுற்ற ஆரம்பித்தாள். பழைய வேட்டி, அவன் அவிழ்த்துப் போட்ட பிறகு சலவைக்கே போகாத வேட்டி. அதில்தான் சுற்றினாள். காரில் ஏற்றிய பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கண்ண மட்டும் யாரையும் வச்சுத் திறந்துடாதீங்க அக்கா. அவரு வந்ததும் நான் வந்து திறந்துடறேன்."

சரி என்றேன். மனதாரச் சொன்னேனா என்று கேட்டால், கார் கிளம்ப வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

கிரகப்பிரவேசத்துக்கு இரண்டு நாள் முன்பு படத்தைச் சுவரில் மாட்டிப் பார்த்தோம். தங்கம் அள்ளிக்கொண்டு போனது. ஆனால் ஸ்பாட் லைட்டைப் போட்டதும் அந்த வெறும் முகம்தான் முதலில் தெரிந்தது. சோபாவில் உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் அது இருப்பது உறுத்தியது. நாளை மறுநாள் வருகிற உறவுக்காரர்களும் ஆபீஸ்காரர்களும் என்ன சொல்வார்கள் என்று நினைத்தேன். கண் திறக்காத சாமி வீட்டில் இருந்தால் ஆகாது என்று கணவரிடம் சாஸ்திரம் பேசினேன். அவளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறாயே என்று அவர் மெல்லக் கேட்டார். வாக்கு கொடுத்தது நான், உங்களுக்கு என்ன என்றேன். அவர் பேப்பரை எடுத்துக்கொண்டார். உண்மையில் எனக்குச் சாஸ்திரமும் இல்லை, ஒன்றும் இல்லை. சோபாதான்.

அரண்மனைப் பக்கத்துத் தெருவில் படம் போடும் ஒருவரை வரச் சொன்னேன். ஐம்பது வயதிருக்கும். வந்தவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். மூலையில் இருந்த நெற்கதிரைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். நல்ல கை என்றார். பிறகு நான் நினைத்தே பார்க்காத ஒன்றைச் சொன்னார்.

"போட்டவங்கதாம்மா கண்ணு திறக்கணும். அடுத்தவங்க படத்துல நாங்க கை வைக்க மாட்டோம். அவங்க எங்க?"

"அவ செத்துட்டா" என்றேன்.

யோசிக்கவே இல்லை. பால் தீர்ந்துவிட்டது என்பதுபோல வந்தது. அவர் முகம் மாறிவிட்டது. குழாயடிக்குப் போய்க் கை கால் கழுவிக்கொண்டு வந்தார். விளக்கேற்றச் சொன்னார். அந்த அம்மா பேரைச் சொல்லுங்கள், நினைத்துக்கொண்டு திறக்கிறேன் என்றார். வேறு பேர் எதுவும் சட்டென்று வாயில் வரவில்லை. அவள் பேரையே சொன்னேன். கண்ணை மூடி அந்தப் பேரை ஒரு தடவை சொல்லிவிட்டுத் தூரிகையை எடுத்தார். பத்து நிமிடம் கூட ஆகவில்லை.

அவர் திறந்த கண் பெரிய கண், கடைகளில் தொங்கும் படங்களில் இருக்குமே அது. அவள் எழுதும் கண் சிறிது, இமை சற்றுத் தாழ்ந்திருக்கும். சீதையும் அனுமனும் அவள் கண்ணோடு இருக்க, ராமர் மட்டும் வெளியூர்க்காரர் மாதிரி விழித்துக்கொண்டிருந்தார். எனக்கு அன்று அது தெரியவில்லை. ஹால் நிறைந்துவிட்டது என்றுதான் தெரிந்தது.

கிரகப்பிரவேசத்தன்று அவள் முதல் ரயிலுக்கே வந்துவிட்டாள். கையில் ஒரு தார் வாழைப்பழம். வாசலில் நின்றபடியே படத்தைப் பார்த்தாள். தாரை இறக்கி வைக்க மறந்து அப்படியே நின்றாள். யார் திறந்தது என்று கேட்டாள். இன்னார் என்றேன். அப்படியா என்றாள். பிறகு நேராக அடுப்படிக்குப் போய்ச் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்கு வந்துவிட்டாள். பந்தியில் யாரோ படத்தைப் புகழ்ந்து, அதென்ன ராமர் கண் மட்டும் வேறு மாதிரி இருக்கிறதே என்றார்கள். இவளுக்குக் கண் எழுத வராது, அதற்கு மட்டும் ஆள் வைத்தேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவள் அடுத்த இலைக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தாள். கை நடுங்கவில்லை. நடுங்குகிறதா என்று நான் பார்த்தேன், அதனால்தான் தெரியும்.

ஏழெட்டு மாதத்தில் கொழுந்தன் வந்துவிட்டான். பொது மன்னிப்பு கொடுத்து அனுப்பிய கூட்டத்தில் அவனும் இருந்தான். பாதி உடம்பாக வந்தான், கூடவே சர்க்கரையும் வந்தது. இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவனைச் சோபாவில் உட்கார வைத்தாள். அவள் உட்காரவில்லை. அவன் திரும்பி நிமிர்ந்து பார்த்து, "ராமரு மட்டும் ஏன் அண்ணி நம்மள முறைக்கிறாரு?" என்றான். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். நான் கண் திறக்க வைத்த நேரம்தான் நீ வந்து சேர்ந்தாய், இவள் பேச்சைக் கேட்டிருந்தால் இன்னும் அங்கேதான் கிடந்திருப்பாய் என்றேன். அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள், "ஆமாங்க, அக்காவாலதான்" என்றாள். குத்தலாகச் சொல்லியிருந்தால் நானும் திருப்பிக் கொடுத்திருப்பேன். அப்படிச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் என் வீட்டு ஹாலுக்குள் வந்ததில்லை. வந்தால் பின்வாசல் வழியாக அடுப்படிக்கு வருவாள், அங்கிருந்தே போய்விடுவாள்.

இனி என் கதை. எனக்கு ஒரே மகன். படிக்க என்று கனடா போனான், வேலை கிடைத்தது, தங்கிவிட்டான். முதல் இரண்டு வருடம் பொங்கலுக்கு வந்தான். அப்புறம் லீவு இல்லை என்றான். அப்புறம் டிக்கெட் கிடைக்கவில்லை என்றான். அவன் அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தபோது வீடியோவில் வந்து டாக்டரிடம் நன்றாகப் பேசினான். கல்யாணத்தை அங்கேயே முடித்துக்கொண்டு போட்டோ அனுப்பினான். ஐந்து வருடம் ஆகிறது, அவன் இந்த ஹாலில் கால் வைத்து. அவன் பாஸ்போர்ட்டை யாரும் பிடுங்கி வைத்துக்கொள்ளவில்லை. அவன் பையிலேயே இருக்கிறது.

போன வருடம் நானே போய் ஓரகத்தியிடம் ஒரு படம் கேட்டேன். மடியில் கிருஷ்ணனை வைத்திருக்கும் யசோதை. எதற்கு என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. இப்போது அவள் படத்துக்கு வெளியூரிலிருந்தெல்லாம் ஆர்டர் வருகிறது. முடியாது என்று என்னிடம் சொல்லியிருக்கலாம். எட்டு மாதம் கழித்து, கொழுந்தன் பைக்கில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். வேட்டியில் சுற்றியிருந்தது. பிரித்தேன். மூலைகளில் நெற்கதிர். யசோதை தலையைச் சாய்த்து, தாழ்ந்த இமையோடு மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் இருந்த குழந்தைக்குக் கண் இல்லை.

உடனே போன் போட்டேன். எத்தனை வருடம் காத்திருந்து பழி வாங்குகிறாய் என்று கத்தினேன். அவள் என்னைக் கத்தி முடிக்க விட்டாள். பிறகு, "பழி எதுக்குக்கா? தம்பி வர்ற அன்னைக்கு ஒரு போன் பண்ணுங்க, நான் வந்து திறந்துடறேன்" என்றாள். குரலில் கொஞ்சம் கூடக் கடுமை இல்லை. நான்தான் போனை வைத்தேன்.

படத்தை எங்கள் படுக்கையறையில் சாய்த்து வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் வீடியோவில் பேசும்போது பின்னால் அது தெரிந்துவிட்டது. அதென்ன அம்மா, காட்டுங்கள் என்றான். காட்டினேன். எனக்கு ஒரு பைத்தியக்கார ஆசை. யாருக்காக அந்தக் கண் காத்திருக்கிறது என்று அவன் கேட்பான், நான் சொல்லுவேன், அவன் டிக்கெட் போடுவான் என்று. அவன் தன் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினான். இருவரும் அவர்களுக்குள் ஆங்கிலத்தில் ஏதோ பேசிக்கொண்டார்கள்.

"சூப்பரா இருக்கும்மா. இங்க சோபாவுக்கு மேல சுவரு காலியாத்தான் கெடக்கு. யாரையாவது வச்சுக் கண்ணப் போட்டு கொரியர்ல அனுப்பிடுங்களேன்."

நீயே வந்து எடுத்துக்கொண்டு போயேன் என்றேன். இந்த வருடம் முடியாதும்மா என்றான். அடுத்த வருடம் என்றேன். பார்க்கலாம் என்றான். வீடு வாங்கியிருக்கிறோம், இனிமேல் நீங்கள்தான் இங்கே வர வேண்டும் என்று அவன் மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ராமருக்குக் கண் திறந்த பழைய ஆளிடமே படத்தைக் கொண்டுபோனேன். மூலையைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. ராமர் படம் போட்ட அம்மா கைதானே இது என்றார். பேரைக் கூடச் சொன்னார். அவர்கள் இறந்துவிட்டதாகச் சொன்னீர்களே, அதற்கு முன்னால் போட்டதா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிடப் பார்த்தேன். அதற்குள் அடியில் அவள் எழுதியிருந்த வருடத்தை அவரே பார்த்துவிட்டார். போன வருடம். படத்தை மறுபடி வேட்டியில் சுற்றி, முடிச்சுப் போட்டு, என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"இருக்கறவங்களச் சாக வச்சு எங்கிட்ட வேல வாங்கிட்டீங்களேம்மா" என்றார். கடையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள்.

அங்கிருந்து நேராகப் பூதலூருக்குப் போனேன். இந்தத் தடவை கார் இல்லை, ஆபரேஷனுக்குப் பிறகு கணவரால் ஓட்ட முடியாது. ரயிலில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு போனேன். கொழுந்தன் தண்ணீர் கட்டப் போயிருந்தான். அவள் என்னைப் பார்த்ததும் வாங்க அக்கா என்றாள். தண்ணீர் கொடுத்தாள். படத்தைத் திறந்து கொடு என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "தம்பி வந்துட்டானா அக்கா?" என்று கேட்டு வாசலைப் பார்த்தாள்.

இல்லை, படம்தான் அங்கே போகிறது என்றேன். அவள் போய்க் குளித்துவிட்டு வந்தாள். விளக்கேற்றினாள். படத்தை மேஜையில் கிடத்தி, ஓட்டாஞ்சில்லில் கறுப்பைக் குழைத்தாள். தூரிகையைத் தோய்த்தவள், அப்படியே கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திறக்க வேண்டியதுதானே என்றேன்.

"வரும்போதுன்னுதானே விட்டு வச்சிருந்தேன். வரலன்னா, வரலன்னு நீங்க சொல்லணும்ல. சொல்லுங்க, திறந்துடறேன்."

ஊரில் யாரிடமும் நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. என் கணவரிடம் கூட லீவு கிடைக்கவில்லை என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். அவளைத் திட்ட வாய் வந்தது. தூரிகையில் கறுப்பு காய்ந்துகொண்டிருந்தது. அவள் மறுபடி தோய்த்தாள், காத்திருந்தாள். அவளுக்குக் காத்திருக்கத் தெரியும்.

"வரமாட்டான்" என்றேன்.

அவள் குனிந்து முதலில் இடது கண்ணை எழுதினாள், பிறகு வலது கண்ணை. யசோதையைப் பார்க்கிற மாதிரி எழுதுவாள் என்று நினைத்திருந்தேன். குழந்தை நேராக வெளியே பார்த்தது. யசோதை குனிந்து அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழக்கூடாது என்று இருந்தேன், முடியவில்லை. அவள் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. தூரிகையைக் கழுவி, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, இரண்டடி தள்ளி நின்று படத்தைப் பார்த்தாள்.

"ஹாலுக்கு எடுப்பா இருக்கும்க்கா" என்றாள்.